ஜாஹிதா சிஸ்டர் கொடுத்த வாக்கு

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு இரண்டு விஷயங்களால் பெயர். ஒன்று கேன்டீன் சாம்பார். அதைக் குடித்துப் பிழைத்தவர்கள் வேறு எதையும் தாங்குவார்கள் என்பார்கள். இன்னொன்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜாஹிதா சிஸ்டர். நின்றுபோன நெஞ்சை அமுக்கி மறுபடி ஓட வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு ஏறி நின்று, இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சின்மேல் வைத்தாள் என்றால் டாக்டர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். "எமனுக்கே டோக்கன் கொடுத்து வெளிய உட்கார வைக்கிற ஆளு" என்று லேபில் வேலை செய்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சில் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லை என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

கோட்டைமேட்டில் பிறந்தவள். அத்தா ஷேக் பரீத் கடைவீதி ஓரத்தில் தொப்பியும் அத்தரும் விற்றவர். ஆறு பிள்ளைகளில் இவள் நாலாவது. அடுத்தவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே இவளுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீச்சரைத் திருத்துவாள், மார்க்கெட்டில் தராசைத் திருத்துவாள். "இந்த வாய்க்கு வக்கீல் வேலைதாம்மா சரி, ஆனா அதுக்குப் படிக்க வைக்க எனக்குத் தெம்பில்ல" என்று அத்தா புலம்பிக்கொண்டிருந்தபோதே, பெரியாஸ்பத்திரி நர்ஸிங் பள்ளிக்கு மனுப் போட்டு, இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். ஆம்பளை உடம்பைத் தொடுகிற வேலையா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அத்தா மூன்று நாள் இவளோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் ஒரு ஜோடி வெள்ளை ஷூவை வாங்கிவந்து இவள் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் சம்மதம் சொன்ன விதம் அது.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆறு கட்டில், இரண்டே இரண்டு செயற்கை சுவாச மெஷின்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். ஒரு நோயாளி இனித் தேற மாட்டார் என்று தோன்றினால், பெரிய டாக்டர் சென்னகேசவன் குடும்பத்தில் மூத்த ஆணை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசுவார். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே சிரமப்படுத்த வேண்டாமுங்க" என்பார். டாக்டர் உள்ளே வந்து, கேஸ் ஷீட்டின் வலது மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். புள்ளி இருந்தால் நெஞ்சு நின்றாலும் யாரும் ஓடி வர வேண்டாம். எல்லாம் முடிந்து உடம்பை அனுப்பிய பிறகு ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்துவிட்டுத்தான் ஷீட்டை ரெக்கார்டு அறைக்கு அனுப்புவார்கள்.

சென்னகேசவன் கெட்டவர் இல்லை. கைராசிக்காரர், படித்தவர். ஆனால் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சாவுக்காக உறவுக்காரர்கள் கண்ணாடியெல்லாம் உடைத்து அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எழுத்து என்றாலே அவருக்கு அலர்ஜி. சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரியாத இடத்தில் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருப்பதுதான் நல்லது என்று அவர் முடிவு பண்ணியிருந்தார். ஜாஹிதாவும் பத்து வருஷமாக அந்தப் புள்ளிகளை அழித்திருக்கிறாள். விரும்பி அழிக்கவில்லை, ஆனால் அழித்தாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பாலுசாமி அந்த வருஷம் தை மாதம் அங்கே முதல்முறை வந்தார். சூலூர்ப் பக்கத்துக்காரர். கொஞ்சம் காடு-தோட்டமும் உண்டு, முப்பது வருஷம் மில் வேலையும் பார்த்தவர். பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினுக்குக் கொடுக்கிற இடத்தில் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சு முழுக்கப் படிந்து, அறுபத்தெட்டு வயதில் நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். தை மாதம் சளி முற்றி மூச்சு நின்றபோது தொண்டையில் குழாய் விட்டு மெஷின் வைத்தார்கள். ஆறு நாளில் எடுத்தார்கள், வீட்டுக்குப் போனார். சித்திரையில் மறுபடி வந்தார். இந்தத் தடவை பத்தொன்பது நாள் மெஷின். அவர் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். அது அந்தப் பிரிவில் எல்லாருக்கும் செய்வதுதான்.

இருபதாம் நாள் குழாய் வெளியே வந்தது. அரை மணி நேரம் தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டே இருந்தவர், ஜாஹிதாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அம்மணி, இந்தக் கொழாய எம்பட வாய்க்குள்ள இன்னொருக்கா உடக்கூடாது."

"பேசாதீங்கய்யா, தொண்ட வலிக்கும்."

"பேசறதுக்குத்தானம்மணி சொல்றேன். மில்லுல முப்பது வருசம். மெசின் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் கத்துனாலும் கேக்காது. கையாலதான் எல்லாம். எட்டு மணி நேரம் ஊமையா நிப்பேன். ரிட்டேர் ஆனதுக்கப்புறம்தான் வாயத் தொறந்து மனுசனாட்டம் பேசறேன். மறுக்காவும் ஊமையாக்கி, கையையும் கட்டிப் போட்டீங்க பாருங்க." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "ஊசி போடுங்க, மாத்தர குடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. கொழாய் வேண்டாம், நெஞ்ச அமுக்கவும் வேண்டாம். அது இல்லாம உசுரு நிக்காதுன்னா, போகட்டும். நான் போறேன்."

வாய் முந்தியா, மனசு முந்தியா என்றால் ஜாஹிதாவுக்கு எப்போதும் வாய்தான். "சரிங்கய்யா, உட மாட்டோமுங்க. அதுக்கு நானாச்சு" என்று சொல்லிவிட்டாள். கிழவர் விடுவாரா? கையை நீட்டினார். அவளும் அதில் தன் கையை வைத்து அழுத்தினாள்.

வைத்த பிறகுதான் யோசித்தாள். நர்ஸ் ஒருத்தி யாருக்கு வாக்குக் கொடுக்க முடியும்? மூச்சு நின்றால் டூட்டி டாக்டர் ஓடி வருவார், குழாயை எடுத்துக் கொடு என்பார். கொடுக்க மாட்டேன் என்றால் அன்றோடு வேலை போச்சு. ஆள் செத்த பிறகு மகன் புகார் கொடுத்தால் நர்ஸ் பதிவும் போச்சு. கொடுத்தாளோ, ஒரு மனிதருடைய கையில் அடித்துச் சொன்ன சொல் போச்சு. அந்தக் கையைத்தான் அவர்கள் பத்தொன்பது நாள் கட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாள் சென்னகேசவனிடம் போய் நின்றாள்.

"அவருக்கு மறுபடியும் வரும் சிஸ்டர். அந்த நெஞ்சுக்கு அது எழுதி வெச்சது" என்றார் அவர். "மூணாவது தடவை மெஷின்ல ஏறினா இறங்குறது சந்தேகம்தான். ஆனா அவர் வேண்டாம்னு சொன்னதுக்காக நான் மெஷின் வைக்காம இருக்க முடியுமா? பையன் சொல்லட்டும். சொன்னா ஒரு புள்ளி வெச்சிடலாம்."

"நெஞ்சு அவருடையது சார். பையன் எதுக்கு?"

"நாளைக்கு சட்டையைப் பிடிக்கிறது அவர் இல்லையே. பையன்தான்."

பையன் என்றால் நாற்பது வயது ஈஸ்வரமூர்த்தி. கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தான். அப்பா மேல் உயிர். இரண்டு தடவையும் பட்டறை வேனிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு வந்து அப்பாவைக் காப்பாற்றியவன். மெஷின் வைக்க வேண்டாம் என்று அவன் எப்படிச் சொல்வான்? டாக்டர் கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது. "எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கொங்கு நாட்டில் முடிவு தெரியாதவர்கள் பலர் போகிற இடத்துக்கே போனான். சென்னிமலை.

அங்கே பூக் கேட்கிற வழக்கம் உண்டு. முருகன் தலையில் பூவை வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு நிற்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் செய், இடப்பக்கம் விழுந்தால் செய்யாதே. கிணறு வெட்டுவதற்கு, பெண் எடுப்பதற்கு, தொழில் தொடங்குவதற்கெல்லாம் கேட்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்காகக் கேட்ட முதல் ஆள் ஈஸ்வரமூர்த்தியாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றான். "உத்தரவு கெடச்சிருச்சுங்க டாக்டர். வலது பக்கம் குடுத்துட்டானுங்க முருகன். எப்ப வேணாலும் மெசின் வெய்யுங்க, யோசிக்காதீங்க."

சென்னகேசவனுக்குப் பெரிய நிம்மதி. "அப்புறம் என்ன சிஸ்டர்? மேலிடத்துலேர்ந்தே ஆர்டர் வந்தாச்சு" என்று ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி, பூசாரி, டாக்டர், மகன் எல்லாரும் கொடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்றவரைத்தான் யாரும் கேட்கவில்லை. ஜாஹிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. முருகன் உத்தரவை எதிர்த்துப் பேச உலகத்தில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் உரிமை இருக்கலாம், கோட்டைமேட்டு ஷேக் பரீத் மகளுக்கு இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, மத்தியானச் சோற்றையும் திறக்காமல், வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் பாலுசாமியின் மனைவி செல்லாத்தாள் இருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மாள்.

"நானும் மலைக்குப் போயிருந்தனுங்க" என்றார் செல்லாத்தாள். "பக்கத்துலதான் நின்னேன்."

"பூ நல்லபடியா விழுந்துச்சுங்களாமா?"

"உழுந்துச்சுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு. அப்பனக் கேட்டா வேண்டாம்பாருன்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் சாமியக் கேட்டான்."

ஜாஹிதா திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சும் நீங்க ஏனுங்கம்மா ஒண்ணும் சொல்லல?"

"மில்லுல பேசாததையெல்லாம் ஊட்டுக்கு வந்து எங்கிட்டப் பேசுவாரு. நாப்பத்திமூணு வருசமாக் கேட்டுட்டே இருக்கறேன். அவரு பேச்ச நான் பேசுனா அவருக்குப் புடிக்காது. நீங்க போயி அவருகிட்டச் சொல்லிப்போடுங்க. அப்புறம் அவரு பாத்துக்குவாரு."

இதைவிட நல்ல யோசனை எந்த மெடிக்கல் காலேஜிலும் கிடைத்திருக்காது. ஜாஹிதா எழுந்து உள்ளே போனாள். பாலுசாமியின் கட்டிலைச் சாய்த்து உட்கார வைத்து, மலை, பூ, வலப்பக்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிழவர் முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"நாளைக்குப் பெரிய டாக்டரு வாரப்ப பையனயும் வரச் சொல்லு அம்மணி" என்றார். "அவுங்கம்மாவயும்."

மறுநாள் காலை பத்து மணி ரவுண்ட்ஸ். கட்டிலைச் சுற்றி சென்னகேசவன், ஈஸ்வரமூர்த்தி, செல்லாத்தாள், கேஸ் ஷீட்டோடு ஜாஹிதா. பாலுசாமி ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிட்டு மகனைப் பார்த்தார்.

"கண்ணு, நம்ம கெழக்கால இருக்கற காட்டுல கெணறு வெட்டோணும்னா யாரு போயிப் பூக் கேக்கோணும்?"

"நாமதாங்கப்பா கேக்கோணும்."

"பக்கத்துக் காட்டுக்காரன் போயி நமக்காகக் கேட்டுப்போட்டு வந்தா?"

ஈஸ்வரமூர்த்திக்கு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. "அது... காட்டுக்காரன்தாங்கப்பா கேக்கோணும்."

பாலுசாமி தன் நெஞ்சில் கையை வைத்தார். "இந்தக் காடு ஆருது?"

ஈஸ்வரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆருது கண்ணு?"

"உங்களுதுங்கப்பா."

"அப்புறம் எப்படி நீ போயிக் கேட்டே? முருகன் பாவம், காட்டுக்காரன் அனுப்புன ஆளாட்டம் இருக்குதுன்னு நெனச்சுப் பூவப் போட்டுட்டான்."

ஈஸ்வரமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரிங்கப்பா, தப்புத்தான். உங்க பேர்ல மறுபடி போயிக் கேட்டுட்டு வாரேன். அதுல என்ன உழுகுதோ அதுபடி செய்யலாம்."

"எதுக்குக் கேக்கோணும்? கெணறு வெட்டோணும்ங்கறவன் பூக் கேப்பான். கெணறே வேண்டாம்ங்கறவன் மலையேறிப் போயி என்னத்தக் கேப்பான்?"

ஜாஹிதாவுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கேஸ் ஷீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு என்னப்பா சொல்லும்?" ஈஸ்வரமூர்த்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வசதி இருந்தும் அப்பனச் சாக விட்டுட்டான்னு சொல்ல மாட்டாங்களா? நான் எப்படிங்கப்பா அங்க தலகாட்டறது?"

கிழவரின் முகம் இளகியது. மகனின் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "ரெண்டு தடவ தூக்கிட்டு வந்தே. நீ தூக்கிட்டு வராட்டி தையிலயே போயிருப்பேன். அத நான் மறப்பனா? இந்த மூணு மாசம் நீ குடுத்தது. போதும் கண்ணு. கேக்கறவனுக்கு எம்பேரச் சொல்லு. எங்கப்பன் வேண்டாம்னான்னு சொல்லு."

ஈஸ்வரமூர்த்தி அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை எடுக்காமலே, "சரிங்கப்பா" என்றான். செல்லாத்தாள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

சென்னகேசவன் தொண்டையைச் செருமினார். "நல்லது. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு" என்று சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பென்சில் வேண்டாம் சார்" என்றாள் ஜாஹிதா. "பேனா."

அறையே அவளைப் பார்த்தது. பெரிய டாக்டரை ரவுண்ட்ஸில் மறித்துப் பேசிய நர்ஸ் அதுவரை அங்கே இல்லை. ஆனால் அவளுடைய வாய்க்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தாகிவிட்டது, இனி அது நிற்காது.

"புள்ளி வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும் சார், எனக்கும் தெரியும். முதல்ல சளி எடுக்கிறது தள்ளிப்போகும். அப்புறம் புரட்டிப் படுக்க வைக்கிறது தள்ளிப்போகும். அப்புறம் யாரும் அந்தக் கட்டில்கிட்ட நிக்க மாட்டாங்க. எல்லாத்தையும் விட்டுடலாம்னுதான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். இவர் அப்படியா சொல்றார்? வைத்தியம் பூரா வேணும், குழாயும் நெஞ்சை அமுக்கறதும் மட்டும் வேண்டாம்னு சொல்றார். அதை ஒரு புள்ளியில எப்படி சார் எழுதுவீங்க? அதுவும் நான் டூட்டியில இருக்கிற எட்டு மணி நேரம் போக, மீதி பதினாறு மணி நேரம் இருக்கு. அப்ப யாரு சார் இவருக்குச் சாட்சி?"

"எழுதினா அது நிலைச்சு நிக்கும் சிஸ்டர். யோசிச்சுப் பேசுங்க."

"நிக்கட்டும் சார். நிக்கணும்னுதான் சொல்றேன்."

சென்னகேசவன் பதில் சொல்வதற்குள் பாலுசாமி, "ஒரு காயிதம் குடு அம்மணி" என்றார். அட்டையில் வைத்துக் கொடுத்தாள். கிழவர் இடையிடையே மாஸ்க்கை இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, கால் மணி நேரம் எழுதினார்.

"எனக்கு மூச்சு நின்றால் தொண்டையில் குழாய் விட வேண்டாம். நெஞ்சை அமுக்க வேண்டாம். ஊசி, மருந்து, ஆக்சிஜன், சளி எடுப்பது எல்லாம் வேண்டும். கையைக் கட்டக் கூடாது. புத்தி தெளிவாக இருக்கும்போது எழுதுகிறேன். என் மகன் என்னைக் கைவிடவில்லை. இப்படிக்கு, பாலுசாமி, மில் தொழிலாளி, ஓய்வு."

எழுதி முடித்து நீட்டினார். சாட்சி என்று போட்ட இடம் காலியாக இருந்தது. ஜாஹிதா யாரையும் பார்க்கவில்லை. பேனாவை வாங்கித் தன் பெயரைப் போட்டாள், அதன் கீழே தன் நர்ஸ் பதிவு எண்ணையும் போட்டாள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் தேடி அலைய வேண்டாம், இங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னதுபோல இருந்தது. அடுத்து ஈஸ்வரமூர்த்தி போட்டான். செல்லாத்தாள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் போட்டார். காகிதம் சென்னகேசவனிடம் வந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். அந்த நிமிஷத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்கே வெளிச்சம். கடைசியில், "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பேஷன்ட் எனக்கு ஆர்டர் எழுதிக் கொடுக்கிறது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேஸ் ஷீட்டிலும் சிவப்பு மையில், யாரும் படிக்கக்கூடிய கையெழுத்தில், அதையே எழுதினார். டாக்டர் கையெழுத்தை யாரும் படிக்க முடிந்தது என்பதே பெரிய விஷயம்.

அடுத்த வாரம் பாலுசாமி வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் இருந்தார். முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, வந்தவர் போனவர் எல்லாரையும் நிறுத்திப் பேசினார் என்று மருந்து வாங்க வரும்போதெல்லாம் ஈஸ்வரமூர்த்தி சொல்வான். "காது வலிக்குதுங்க சிஸ்டர்" என்று சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

ஆடி கழியும் சமயத்தில், ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வேன் மறுபடி வந்தது. இந்தத் தடவை உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஊசிகள் போட்டார்கள், மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள், சளி எடுத்தார்கள். எதையும் குறைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, இது அடங்கப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த டூட்டி டாக்டர் ஓடி வந்து, தொண்டைக்குள் பார்க்கிற கருவியை ஒரு கையிலும் குழாயை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டார்.

"தலையைச் சாய்ங்க சிஸ்டர்! சீக்கிரம்!"

"மாட்டேன் சார்." ஜாஹிதா கட்டிலின் தலைமாட்டுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள். கையில் அந்தக் காகிதம். "இவர் வேண்டாம்னு எழுதியிருக்கார். படிங்க."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், ஆள் போயிடுவார்! உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். முதல்ல படிங்க."

கண்ணாடிக் கதவு திறந்தது. தகவல் கிடைத்து சென்னகேசவன் வந்துகொண்டிருந்தார். ஜாஹிதா காகிதத்தை இன்னும் இறுகப் பிடித்தாள். பேனாவால் போட்டது மனிதன்தானே, மனம் மாறினால்? அவர் கட்டிலைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "அது என் கையெழுத்து" என்றார் டூட்டி டாக்டரிடம். "குழாயைக் கீழ வையுங்க. மூச்சுத் திணறல் தெரியாம இருக்க நான் சொல்ற ஊசியைப் போடுங்க." பிறகு ஜாஹிதா பக்கம் திரும்பி, "வீட்டு ஆளுங்களை உள்ள விடுங்க சிஸ்டர்" என்றார். அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் கடைசி நேரத்தில் வீட்டு ஆளை விட்டது அதுதான் முதல் தடவை.

ஜாஹிதா தலைமாட்டை உயர்த்தினாள். மேஜை மின்விசிறியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். ஊசி வேலை செய்து திணறல் அடங்க, பாலுசாமி கண்ணைத் திறந்தார். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மனைவி.

"ஒறம்பரைக்கெல்லாம்... காப்பித்தண்ணி குடுத்தியா கண்ணு?" என்றார். வராந்தாவில் ஊர்க்கார உறவினர் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றதைக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார்.

"குடுத்தாச்சுங்கப்பா."

செல்லாத்தாளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் அழுதுகொண்டே சிரித்தார். என்ன சொன்னார் என்று ஜாஹிதாவுக்குக் கேட்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. பிறகு தலையைத் திருப்பி அவளைத் தேடினார்.

"அம்மணி... பேசறேன் பாரு."

"கேக்குதுங்கய்யா. நல்லாக் கேக்குது."

ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூச்சு நின்றது. ஜாஹிதாவின் இரண்டு கைகளும் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று கோத்துக்கொண்டன. எத்தனையோ நெஞ்சுகளை அமுக்கிப் பழகிய கைகள். முக்காலி காலடியிலேயே இருந்தது. அவள் கோத்த விரல்களைப் பிரித்தாள். பிரிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கையை அவர் தோளில் வைத்தாள், இன்னொரு கையால் செல்லாத்தாளைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். கூடவே உள்ளே ஒரு பெருமிதமும் பொங்கியது. அதை அவள் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஈஸ்வரமூர்த்தி வெளியே போனான். உறவினர் கூட்டம் சூழ்ந்தது. பெரிய மீசை வைத்த பங்காளி ஒருவர்தான் முதலில் கேட்டார்.

"மெசின் வெச்சாங்களாப்பா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் மலையேறிப் போனான். இப்போது நிமிர்ந்து நின்றான்.

"இல்லீங்க பெரியப்பா... எங்கப்பா வேண்டாம்னுட்டாருங்க. எழுதியே குடுத்துட்டாருங்க. எங்கம்மாகிட்டயும் எங்கிட்டயும் பேசிட்டே போனாருங்க."

பெரிய மீசைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்னால் வந்து நின்ற ஜாஹிதாவைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, செத்தவங்களையே நீங்க எழுப்பிப்போடுவீங்கன்னு சொன்னாங்க. இவருக்கு ஒண்ணுமே பண்ணலீங்களா?"

"பண்ணுனமுங்க" என்றாள் ஜாஹிதா. "அவரு சொன்னதப் பண்ணுனமுங்க."